சம்பளம், செம்பனை, வாடகை, தையல்: தோட்டப்புறக் குடும்பம் வருமான வரியை எந்த வழியில் கணக்கிடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரே சம்பளத்தை நம்பி நடக்கும் குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருப்பவருக்குத் தகப்பனார் விட்டுச்சென்ற ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் பெற்றோருடன் குடியிருக்கிறார். மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தீபாவளி நெருங்கும்போது முறுக்கு, அதிரசம் ஆர்டரும் சேர்ந்துகொள்கிறது. இப்படி நான்கு பக்கமிருந்தும் சிறுகச் சிறுக வரும் பணத்துக்கு எவ்வளவு வரி, அதை எந்தப் படிவத்தில், யார் பெயரில், எப்போது கட்டுவது என்று கேட்டால், பலரும் சொல்லும் விடை ஒன்றுதான்: சம்பளத்தில் பிசிபி (மாதாந்திர வரிப் பிடித்தம்) பிடித்துவிட்டார்கள், அத்தோடு வரி முடிந்தது. அந்த விடை ஒரே முதலாளியிடம் சம்பளம் மட்டும் வாங்குபவருக்குப் பொருந்தலாம். செம்பனைக் குலை விற்ற காசு கைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அது பொருந்தாது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் முன்னுள்ள வழிகளை எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. குடும்பம் கற்பனையானது, தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. வரி விகிதங்களும் கழிவுகளும் உண்மையானவை, 2025 மதிப்பீட்டு ஆண்டுக்குப் பொருந்துபவை.

எல்லாம் ஒரே கூட்டலில்

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வருமானத்தை வகை பிரிக்கிறது. தொழில், வணிகம் ஆகியவற்றின் வருமானம் 4(ஏ), வேலைச் சம்பளம் 4(பி), வட்டியும் பங்கு ஈவும் 4(சி), வாடகை 4(டி), ஓய்வூதியம் போன்றவை 4(இ), மற்றவை 4(எஃப்). ஒவ்வொரு வகைக்கும் எந்தச் செலவைக் கழிக்கலாம் என்பதற்குத் தனி விதி உண்டு. அந்தந்த வகையின் நிகர வருமானத்தைக் கண்டபின், எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். கூட்டிய தொகையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட நன்கொடை, பிறகு தனிநபர் கழிவுகள் ஆகியவை போக மிஞ்சுவதே வரிக்குரிய வருமானம். அதில் முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி இல்லை; அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு; அதற்கடுத்த 15,000-க்கு 3; அதற்கடுத்த 15,000-க்கு 6; அதற்கடுத்த 20,000-க்கு 11; பின்னர் 30,000-க்கு 19; 100,000-ஐத் தாண்டினால் 25-இல் தொடங்கி 30 வரை ஏறும்.

ஊரில் அதிகம் காணும் தவறு இந்தப் படிகளைப் பற்றியதுதான். சம்பளத்துக்கு ஒரு முறை படிகளை முதலிலிருந்து ஏறிவிட்டு, செம்பனைக்கு மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்குகிறார்கள். ‘குலையில் கிடைத்தது பதினாலாயிரம்தானே, அதற்கு என்ன பெரிய வரி வந்துவிடும்’ என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. படிகள் ஓர் ஆளுக்கு ஒரு முறைதான். சம்பளம் எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கு மேலேதான் செம்பனை வருமானமும் வாடகையும் ஏறி உட்காரும்.

வரி விலக்குப் பெற்றவற்றை இந்தக் கூட்டலில் சேர்க்கத் தேவையில்லை. வங்கியில் தனிநபர் போட்ட வைப்புத் தொகையின் வட்டி, ஊழியர் சேமநிதியின் இலாப ஈவு, கூட்டுறவுச் சங்கம் உறுப்பினருக்குத் தரும் இலாப ஈவு ஆகியவை அவ்வகை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தில் இவ்வட்டாரத்துப் பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பங்கு உண்டு. அந்த ஈவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணவரின் சம்பளம் மாதம் 3,800, ஆண்டுக்கு 45,600 ரிங்கிட். செம்பனை விற்பனை 24,000; உரம், அறுவடைக் கூலி, லாரி வாடகை போன்றவை 9,600; நிகரம் 14,400. தாமான் வீட்டு வாடகை 8,400, அதற்கான செலவுகள் 4,000, நிகரம் 4,400. மொத்தம் 64,400. கழிவுகள்: தமக்கு 9,000, சேமநிதிச் சந்தா உச்சவரம்பான 4,000, ஆயுள் காப்புறுதி 1,200, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) சுமார் 300, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகனுக்கு 2,000, உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் மகளுக்கு 8,000, புத்தகம், இணையக் கட்டணம், கைப்பேசி ஆகிய வாழ்க்கைமுறைச் செலவுக்கு 1,500. ஆக 26,000. வரிக்குரிய வருமானம் 38,400. முதல் 35,000-க்கான வரி 600. மிஞ்சிய 3,400-க்கு 6 விழுக்காடு 204. மொத்த வரி 804 ரிங்கிட்.

இதே மனிதருக்குச் சம்பளம் மட்டும் இருந்திருந்தால் வரிக்குரிய வருமானம் 19,600, வரி 146. 35,000-க்கு உட்பட்டவர்களுக்குரிய 400 ரிங்கிட் தள்ளுபடியால் அதுவும் இல்லாமற் போயிருக்கும். எனவே அவருடைய சம்பளச் சீட்டில் பிசிபி பத்தியில் ஒரு சென்கூட இருக்காது. அந்த வெற்றுப் பத்தியைப் பார்த்துத்தான் ‘எனக்கு வரி கிடையாது, படிவமும் தேவையில்லை’ என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். முதலாளிக்குச் செம்பனையும் தெரியாது, வாடகையும் தெரியாது. அவர் பிடிப்பது தாம் கொடுக்கும் சம்பளத்துக்கு மட்டுமே. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்பவருக்கும் இதே சிக்கல்தான்: இருவரும் கீழ்ப்படியிலிருந்து தனித்தனியே கணக்கிடுவதால், ஆண்டு முடிவில் பிசிபி போதாமல் நிற்கும்.

35,000 என்ற கோடு

வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் அடங்கினால் 400 ரிங்கிட் தள்ளுபடி. அதைத் தாண்டினால் முழுத் தள்ளுபடியும் போய்விடும். சரியாக 35,000-இல் நிற்பவருக்கு வரி 200. அதற்குச் சற்று மேலே நிற்பவருக்கு 600-க்கு மேல். நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் அந்தக் கோட்டுக்கு 3,400 மேலே இருக்கிறது. அந்த 3,400-ஐ முறையான கழிவால் குறைக்க முடிந்தால் வரி 804-லிருந்து 200-க்கு இறங்கும். மிச்சம் 604 ரிங்கிட். இதே 3,400-ஐ வேறொருவர் 45,000-லிருந்து குறைத்தால் அவருக்கு மிச்சம் 204 மட்டுமே. ஆகவே கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் டிசம்பருக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. ஏப்ரலில் பார்த்தால் காலம் கடந்திருக்கும். டிசம்பர் 31-க்குள் செய்த செலவும் போட்ட சேமிப்பும்தான் அந்த ஆண்டுக் கழிவுக்குச் சேரும்.

எதைக் கொண்டு குறைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில், ஏற்கெனவே செய்துவிட்ட செலவுகளின் ரசீதைத் தேட வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வரை கழிவு உண்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், தனியார் கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் ஓராண்டில் கட்டிய தொகை சிறிதாக இராது. மருத்துவரின் சான்றோடு அந்த ரசீதுகள் இருந்தால் புதிதாக ஒரு காசும் செலவில்லை. அது போதாவிட்டால் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பு அடுத்தது. ஆண்டுக்குள் போட்டதில் எடுத்தது போக நிற்கும் நிகரத் தொகைக்கு 8,000 வரை கழிவு கிடைக்கிறது. பணம் மகள் படிப்புக்கென்று நம்மிடமே நிற்கிறது. தனியார் ஓய்வூதியத் திட்டத்துக்கும் 3,000 வரை கழிவு உண்டுதான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஓய்வுக்காலம்வரை பூட்டிக் கிடக்கும் என்பதால், பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு நான் அதைக் கடைசியாகவே வைப்பேன். வரி மிச்சம் என்று சொல்லிப் புதுக் கைப்பேசி வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை: ஆயிரம் ரிங்கிட் செலவழித்து, இருக்கும் படியைப் பொறுத்து, அறுபது ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் வேலை அது.

கோயில் நன்கொடை பற்றியும் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு எழுதிய தொகை எல்லாம் கழிவுக்குச் சேராது. அந்த அமைப்பு சட்டத்தின் 44(6) உட்பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், ரசீதிலும் அது அச்சாகியிருக்க வேண்டும்; அப்போதும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான்.

கணவன், மனைவி: சேர்த்தா, தனித்தனியா?

இக்குடும்பத்துக்குப் பெரிய வேறுபாட்டைத் தரக்கூடிய தெரிவு இதுதான். மனைவியின் வருமானத்தைக் கணவரின் கணக்கோடு சேர்த்து மதிப்பிடச் சொல்லலாம், தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். சேர்த்தால் கணவருக்கு மனைவிக்குரிய 4,000 கழிவு கூடுதலாகக் கிடைக்கும். தனியாக வைத்தால் அந்த 4,000 இல்லை. ஆனால் மனைவிக்கென்று 9,000 கழிவு இருக்கிறது, அவருடைய படிகளும் கீழிருந்தே தொடங்கும்.

தையலிலும் பலகாரத்திலும் மனைவிக்கு ஆண்டு நிகரம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். சேர்த்தால் மொத்தம் 77,400, கழிவு 30,000, வரிக்குரியது 47,400, வரி 1,344. தனித்தனியாக வைத்தால் கணவருக்கு முன்போலவே 804; மனைவிக்கு 13,000-இல் 9,000 போக மிஞ்சும் 4,000 முதற்படிக்குள் அடங்கிவிடுவதால் வரி இல்லை. 540 ரிங்கிட் வேறுபாடு.

மனைவியின் நிகரம் 3,000 மட்டும்தான் என்றால் கதை மாறுகிறது. சேர்த்தால் 67,400-இல் 30,000 போக 37,400, வரி 744. தனியாக வைத்தால் அதே 804. இப்போது சேர்ப்பதே இலாபம். இரண்டும் சமமாகும் இடம் 4,000: மனைவியின் நிகர வருமானம் அதற்குக் கீழே இருந்தால் சேர்ப்பது நல்லது, மேலே இருந்தால் தனியே வைப்பது நல்லது. பெரும்பாலான வீடுகளுக்கு இந்த அளவுகோல் போதும்.

ஆனால் 35,000 கோட்டின் அருகில் இதையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். சேர்த்து மதிப்பிடும்போது வரிக்குரிய தொகை அந்தக் கோட்டுக்குள் நின்றால், கணவருக்கு 400, மனைவிக்கு 400 என்று தள்ளுபடி இரட்டிப்பாகும். மேற்சொன்ன குடும்பம் 3,400-ஐ எஸ்எஸ்பிஎன்னில் போட்டு, மனைவியின் வருமானமும் 3,000-ஆகவே இருந்தால், சேர்த்த கணக்கில் வரிக்குரியது 34,000, வரி 570, தள்ளுபடி 800, ஆக வரியே இல்லை. தனித்தனியாக வைத்திருந்தால் 200 கட்டியிருப்பார்கள்.

பிள்ளைகளுக்கான கழிவை யார் கோருவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. இருவரும் தனித்தனியே மதிப்பிடப்படும்போது, எந்தப் பிள்ளையின் கழிவை யார் எடுத்துக்கொள்வது என்று தமக்குள் முடிவு செய்யலாம். ஒரே பிள்ளைக்கு இருவரும் முழுக் கழிவு கோரக்கூடாது. பொதுவாக மேற்படியில் நிற்பவர் எடுத்துக்கொண்டால் மிச்சம் அதிகம். நம் குடும்பத்தில் 1 விழுக்காட்டைக்கூடத் தொடாத மனைவியின் பெயரில் பல்கலைக்கழக மகளின் 8,000-ஐப் போட்டால் அந்தக் கழிவு முழுவதும் வீணாகும்.

வரி குறையும் என்பதற்காகக் கணவர் பெயரிலுள்ள நிலத்தின் குலை வருமானத்தை மனைவியின் படிவத்தில் எழுதுவது தெரிவு ஆகாது. அது தவறான அறிவிப்பு. வாடகை வீட்டுப் பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தால் மட்டும், வாடகையைப் பங்கின்படி பிரித்து இருவரும் காட்டலாம்.

வாடகை: 4(ஏ)-வா, 4(டி)-யா?

வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டினால் நட்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சொன்னதில் பாதி உண்மை. 4(ஏ)-வின்கீழ் வரும் நட்டத்தை அந்த ஆண்டின் மற்ற வருமானத்தில் கழிக்கலாம். மிச்சத்தை அடுத்தடுத்த பத்து ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். 4(டி)-யின்கீழ் செலவு வாடகையைத் தாண்டினால், வாடகை வருமானம் பூச்சியம் என்று ஆவதோடு சரி. மிஞ்சிய நட்டம் வேறெங்கும் கழியாது. ஆனால் எந்த வகை என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக்காரர் பராமரிப்புச் சேவைகளையோ துணைச் சேவைகளையோ முழுமையாகவும் தீவிரமாகவும் வழங்கினால்தான் வாடகை 4(ஏ) ஆகும். சாவியைக் கொடுத்துவிட்டு மாதா மாதம் வாடகை வாங்குகிற தாமான் வீடு 4(டி)-தான். அதில் தயக்கமே வேண்டாம்.

4(டி)-யில் கழிக்கக்கூடியவை: வீட்டுக் கடனின் வட்டி, கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் வீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்பு. கடனின் அசலைக் கழிக்க முடியாது. வங்கியின் ஆண்டறிக்கையில் வட்டி தனியாகப் போட்டிருக்கும், அதை மட்டும் எடுக்க வேண்டும். முதன்முதல் குடியிருப்பவரைப் பிடிக்கக் கொடுத்த முகவர் தரகும் ஒப்பந்தச் செலவும் கழியாது. அவர் போய் இன்னொருவர் வரும்போது ஆகும் அதே செலவு கழியும். ஒழுகும் கூரையை மாற்றுவது பழுதுபார்ப்பு. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுவது முதலீடு, அது கழியாது. எனவே கூரை மாற்றும் ஆண்டில் கடன் வட்டியும் அதிகமாக இருந்தால், தள்ளிப்போடக்கூடிய மற்றப் பழுதுகளை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. நட்டமாகப் போகும் செலவு 4(டி)-யில் யாருக்கும் பயன்படாது.

செம்பனைக் கணக்கு

செம்பனை வருமானம் 4(ஏ). ஐந்து ஏக்கர்தான் என்றாலும், கூலிக்கு ஆள் வைத்து அறுத்தாலும் அது தொழில் வருமானமே. ஆகையால் சம்பளக்காரருக்குரிய பிஇ படிவத்தை விட்டுவிட்டு, பி படிவத்துக்கு மாற வேண்டும். பிஇ படிவத்தில் ‘இதர வருமானம்’ என்று எழுதி முடித்துக்கொள்வது எளிதாகத் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் முதலீட்டுக் கழிவு (வண்டி, இயந்திரம் போன்றவற்றின் விலையைக் கழிப்பது), நட்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை ஆகியவற்றை நாமே கைவிடுகிறோம், வகையும் தவறாகிறது. பி படிவத்துக்குக் காலக்கெடுவும் கூடுதல்: பிஇ ஏப்ரல் 30, பி ஜூன் 30, மின்னியல் வழி அனுப்புவோருக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் முறையே மே 15, ஜூலை 15 வரை சலுகை அளித்து வந்திருக்கிறது.

குலை வாங்கும் நிலையத்தில் லாரியை எடை போட்டுத் தரும் அந்தச் சிறிய துண்டுச் சீட்டுத்தான் இக்கணக்கின் அடித்தளம். தேதி, லாரி எண், ஏற்றிய எடை, வெறும் லாரி எடை, நிகர எடை, ஒரு டன்னுக்கு அன்றைய விலை எல்லாம் அதில் இருக்கும். பல சீட்டுகள் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவதால், லாரியின் முன்பெட்டியில் கிடந்து சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். கையில் வாங்கிய அன்றே படம் எடுத்துவைத்து, ஒரு நோட்டில் தேதியும் நிகர எடையும் தொகையும் எழுதிவிட்டால் ஆண்டு முடிவில் விற்பனைத் தொகை தானாக நிற்கும். செலவுப் பக்கத்தில் பெரும்பாலும் தவறிப்போவது அறுவடைக் கூலிதான். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டால், அது செலவு என்று நிறுவ வழியில்லை. கூலி வாங்கியவரின் பெயர், அடையாள அட்டை எண், தேதி, எடை, தொகை, கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு கூலிச் சீட்டு இருந்தால் போதும்.

பெரிய பொருள்களை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாக எழுதக்கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு: 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றை முதல் ஆண்டிலேயே முழுவதும் கழிக்கலாம். பழைய பிக்அப் வண்டிக்கு அப்படியில்லை. 20,000-க்கு வாங்கினால் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 20 விழுக்காடு; முதல் ஆண்டில் 8,000. அதிலும் வண்டி பாதி வீட்டுக்கு, பாதி தோட்டத்துக்கு ஓடினால் 4,000 மட்டும். அந்த 4,000-மே நம் குடும்பத்தை 35,000 கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். முதிர்ந்த செம்பனையை வெட்டி மறுபடியும் செம்பனையே நடும் செலவு அந்த ஆண்டே கழியும். காட்டை அழித்துப் புதிதாக நடும் செலவு ஆண்டுக்கு 50 விழுக்காடாக இரண்டு ஆண்டில் கழியும்.

விலை சரிந்து செம்பனையில் நட்டம் வந்தால், அதை அந்த ஆண்டின் சம்பளம், வாடகை ஆகியவற்றில் கழித்தாக வேண்டும். வரியே வராத ஆண்டில் கழித்து என்ன பயன், அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. மற்ற வருமானமெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சும் நட்டம்தான் அடுத்த ஆண்டுக்குப் போகும், அதுவும் தொழில் வருமானத்தில் மட்டுமே கழியும்.

நிலம் அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருந்து, கூட்டாகவே நடத்தி இலாபத்தைப் பிரித்துக்கொண்டால், அது கூட்டுத்தொழில்; ஒவ்வொருவரின் பி படிவத்துக்கும் முன்பாக, கூட்டுத்தொழிலுக்கென்றே உள்ள தனிப் படிவம் போக வேண்டும். மூத்தவர் மட்டும் முழுத் தொகையையும் தம் கணக்கில் காட்டி வரி கட்டுவது பல குடும்பங்களில் நடக்கிறது. அவர் மேற்படிக்கு ஏறி, மற்றவர்களின் கீழ்ப்படிகள் வெறுமனே கிடக்க, குடும்பம் கூடுதல் வரி கட்டுகிறது.

ஒரே மூச்சிலா, தவணையிலா?

804 ரிங்கிட்டைப் படிவம் அனுப்பும் போது மொத்தமாகக் கட்டலாம். பி படிவத்தில் வரி காட்டியபின், வாரியம் சிபி500 என்ற தவணை அறிவிப்பை அனுப்பக்கூடும். மார்ச் மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணை. முந்திய ஆண்டின் வரியை வைத்துக் கணக்கிட்டால் தவணைக்கு 134 அளவில் வரும். இந்த அறிவிப்பு வந்தபிறகு மொத்தமாகக் கட்டுவதா, தவணையில் கட்டுவதா என்ற தெரிவு நமக்கு இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் 30 நாள் அவகாசம்; தவறினால் கட்டாத தொகையில் 10 விழுக்காடு கூடும். குலை விலை இறங்கியோ, வாடகை வீடு காலியாகியோ வருமானம் குறையும் என்று தெரிந்தால், ஜூன் 30-க்குள் சிபி502 படிவம் வழியாகத் தவணையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்துவிடக்கூடாது: உண்மையான வரி குறைத்த மதிப்பீட்டைவிடக் கூடி, அந்த வேறுபாடு உண்மையான வரியில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்கும் 10 விழுக்காடு கூடுதல் உண்டு.

சிபி500 இன்னும் வராத முதல் ஆண்டில், நான் சொல்லக்கூடிய வழி எளியது. தமது மேற்படி எது என்று பார்த்து, செம்பனை, வாடகை நிகரத்தில் அத்தனை விழுக்காட்டை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நம் குடும்பத்துக்கு மேற்படி 6 விழுக்காடு, 18,800-க்கு 1,128. வரி 804. தள்ளுபடி கைவிட்டுப்போனாலும் அந்தச் சேமிப்பு வரியைத் தாங்கும். குலைக் காசு வந்த வேகத்தில் உரக்கடைக்குப் போய்விடும் வீடுகளில், ஜூலையில் எண்ணூறு ரிங்கிட் புரட்டுவது சிறிய வேலை அல்ல.

தாமே போடுவதா, ஆள் வைப்பதா?

வாரியத்தின் மைடாக்ஸ் இணையத்தளத்தில் நுழைந்து தாமே பி படிவத்தை நிரப்புவது, சம்பளம், சிறு தோட்டம், ஒரு வாடகை வீடு என்ற அளவில் உள்ளவர்களுக்கு முடியக்கூடியதே. கூட்டல், படிகள், தள்ளுபடி எல்லாவற்றையும் தளமே போட்டுவிடும். நாம் தர வேண்டியது ஒவ்வொரு வகையின் சரியான நிகரத் தொகை. சேர்த்து மதிப்பிட்டால் எவ்வளவு, தனித்தனியே என்றால் எவ்வளவு என்பதை ஒரு தாளில் இருமுறை போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும். முதல் ஆண்டுக்காரர் வாரியத்தின் ஈப்போ கிளைக்குத் தாள்களோடு போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே படிவம் நிரப்ப உதவுவார்கள், ஆனால் எது தங்களுக்கு இலாபமான தெரிவு என்று உட்கார்ந்து ஒப்பிட்டுச் சொல்வது அவர்கள் வேலை அல்ல.

கட்டணம் வாங்கும் வரி முகவர் தேவைப்படும் இடங்கள் சில உள்ளன. கூட்டு நிலம், விற்ற நிலம், நட்டம் தொடரும் தொழில், பல ஆண்டுகளாகக் காட்டாமல் விட்ட வருமானம் ஆகியவற்றில் முகவருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. கடைசியாகச் சொன்னதில் காலமும் முக்கியம்: குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, வாரியத்தின் கடிதம் வருவதற்கு முன் தாமாக முன்வந்து சொல்பவருக்குத் தண்டம் குறைவு. முகவர் என்றால் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றவர் என்று பொருள். அந்த உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

நான்காவது வழி ஒன்றும் ஊரில் நடக்கிறது: கணினிக் கடையில் யாரோ ஒருவரிடம் அடையாள அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, ‘எப்படியாவது பணம் திரும்பி வருகிற மாதிரி போட்டுவிடுங்கள்’ என்று வருவது. இதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். இல்லாத மருத்துவச் செலவும் வாங்காத புத்தகமும் அந்தப் படிவத்தில் ஏறியிருக்கும். தணிக்கை வரும்போது ரசீதைக் கேட்பது படிவத்துக்கு உரியவரிடம்தான், நிரப்பியவரிடம் அல்ல. யார் நிரப்பினாலும், அனுப்புவதற்கு முன் செம்பனை நிகரம், வாடகை நிகரம், கழிவுகள் ஆகிய மூன்று எண்களையும் நம் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அனுப்பிய படிவத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் எடைச் சீட்டுகளோடு ஒரே கோப்பில் ஏழு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும்.